குளியலறைத் தெர்மோஸ்டாட்டுக்குள் ஈரம் வந்த வழி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் இருப்பது பழைய வாடகை வீடு. உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாவற்றுக்கும் போன நவம்பரில், சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினோம். ரேடியேட்டருக்கு வெந்நீரை விடும் வால்வின் மேலிருக்கும் பழைய தலையின் (திருகும் பிடியின்) நட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருக வேண்டும், அவ்வளவுதான். மற்ற அறைகளில் ஒரு தொந்தரவும் இல்லை. குளியலறையில் மட்டும் மூன்றே வாரத்தில் பேட்டரி தீர்ந்தது. திரையின் உள்பக்கம் நீராவி படிந்திருந்தது.

வெந்நீர்க் குளியல்தான் காரணம் என்று நினைத்தேன். திறந்தால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைப் பொருக்கு. பஞ்சுக்குச்சியை வினிகரில் தொட்டுச் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு நாள் காயவைத்து மாட்டினேன். குளித்ததும் பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்தும் வைத்தோம். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை.

இந்த முறை உற்றுப் பார்த்தேன். ஈரம் அதிகம் இருந்தது வால்வை ஒட்டிய பக்கத்தில். சந்தேகம் அங்கேதான் வந்தது.

வால்வின் நடுவே பேனா ரீஃபில் போல ஒரு சின்னப் பின் நீட்டிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டின் மோட்டார் அதை அழுத்தித்தான் வெந்நீரை அடைக்கிறது. தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றி, பின்னைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைக் கட்டி இரவு முழுக்க விட்டேன். தலை இல்லாவிட்டால் வால்வு முழுசாகத் திறந்து ரேடியேட்டர் நன்றாகச் சுடும், குழந்தைகள் இருந்தால் கவனம். காலையில் டிஷ்யூ காய்ந்து விறைத்திருந்தது, நடுவில் டீக்கறை போல ஒரு வளையம். குளியல் ஆவி இப்படிக் கறை வைக்காது. ரேடியேட்டருக்குள் வருஷக்கணக்காகச் சுற்றும் தண்ணீர்தான் இரும்புத் துகள் கலந்து பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். பின் வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மோட்டாருக்குள் ஏறியிருக்கிறது.

டிஷ்யூவைப் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அந்தப் படம் இல்லாவிட்டால் "ஜன்னலைத் திறங்கள்" என்றுதான் பதில் வந்திருக்கும். வந்த ப்ளம்பர், பின்னைச் சுற்றியுள்ள அடைப்பு வளையத்தை மட்டும் மாற்றினார். எங்கள் வால்வில் தண்ணீரை வடிக்காமலே அதைச் செய்ய முடிந்தது. எல்லா வால்விலும் அப்படி முடியாது, சூடான தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். தயவுசெய்து நீங்களே கைவைக்காதீர்கள்.

அப்புறம் அதே தெர்மோஸ்டாட்டைத் துடைத்து மாட்டினேன். ர்ர்ர் என்று மோட்டார் பின்னை ஒருமுறை முழுக்க அழுத்தி அளவெடுத்துக்கொண்டது. மார்ச்சில் திறந்து பார்த்தேன், ஸ்பிரிங் பளபளவென்று இருந்தது.