ஹிசுய்க்குக் காத்திருக்கும் நாட்கள்

2021 பிப்ரவரி 27, சனி. சப்போரோ

நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கிய போக்கிமான் ஒளிபரப்பு முடிந்து ஒரு மணி நேரமாகிறது. இன்னும் படுக்கப் போகவில்லை. 1996ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 27இல்தான் போக்கிமான் என்ற கற்பனை உயிர்களைப் பிடித்து வளர்க்கும் முதல் விளையாட்டுகள், சிவப்பும் பச்சையும், ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. 25 ஆண்டு நிறைவுக்கு எதையாவது பெரிதாகச் சொல்வார்கள் என்று விழித்திருந்தேன். டைமண்ட், பேர்ல் என்ற பழைய விளையாட்டுகள் இரண்டையும் புதுப்பித்துத் தரப்போகிறார்கள். அது எதிர்பார்த்ததுதான். அடுத்து வந்த காட்சிதான் என்னை எழுந்து உட்கார வைத்தது.

விளையாட்டின் பெயர் 'போக்கிமான் லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்'. கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்குகிறது. களம் டைமண்ட், பேர்ல் நடக்கும் சின்னோ நிலம், ஆனால் பல தலைமுறைகளுக்கு முந்தைய சின்னோ. போக்கிமான் பயிற்சியாளர் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம். அந்நிலத்தின் முதல் போக்கிடெக்ஸை, அதாவது போக்கிமான்களைப் பற்றிய குறிப்பேட்டை, நாம்தான் எழுதப்போகிறோம். ரவ்லெட், சின்டாகுவில், ஓஷவாட் என்ற மூன்றில் ஒன்று முதல் துணை.

பார்த்ததில் மனத்தில் நிற்பது ஒரே ஒரு காட்சி. உயரமான புல்லுக்குள் ஒருவன் பதுங்கி நகர்கிறான். எதிரே தன்பாட்டில் மேயும் ஒரு போக்கிமான். இவன் எழுந்து பந்தை எறிகிறான், பிடித்துவிடுகிறான். திரை மாறவில்லை, சண்டை தொடங்கவில்லை. இதற்கு முந்தைய பெரும்பாலான விளையாட்டுகளில் முதலில் சண்டை, பிறகுதான் பந்து என்பது விதியாக இருந்தது. பழைய விளையாட்டுகளில் புல்லுக்குள் கால் வைத்தால் திரை மின்னும், எதிரே ஏதோ ஒன்று வந்து நிற்கும். அது எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. இன்று, பிடிக்கப்படும் முன் அது வாழ்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

2021 பிப்ரவரி 28, ஞாயிறு

பலருக்கு ஏமாற்றம். வெளி வெறுமையாக இருக்கிறதாம், தொலைவில் நிற்கும் உயிர்கள் விட்டுவிட்டு அசைகின்றனவாம். கண்ணுக்குத் தெரிவதை மறுக்க முடியாது, நானும் கவனித்தேன். இன்னும் ஓராண்டு இருக்கிறது, சரிசெய்வார்கள் என்று நம்புகிறேன். ஆனால் மரங்களின் அழகை வைத்து இதை எடைபோடுகிறவர்கள் அந்தப் பதுங்கலைத் தவறவிடுகிறார்கள்.

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, தோக்கியோ புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். நகரம் பெருகி, குளமும் வயலும் மறைந்தபோது, அந்த மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு வேறு வழியில் தர நினைத்ததில் பிறந்தது இந்த விளையாட்டு. இதைப் படித்தபோதெல்லாம் எனக்குக் கொடுக்காப்புளி மரத்தடி நினைவுக்கு வரும். பொன்வண்டு இலையில் உட்கார்ந்திருக்கும். நிழல் அதன்மேல் விழாமல் பக்கவாட்டில் போக வேண்டும். உள்ளங்கையைக் குவித்து மூடினால் சிறகு படபடக்கும், முள்முள்ளான கால்கள் தோலைப் பிராண்டும். பயத்தில் கையைத் திறந்தால் போயிற்று. திறக்காமல் பொறுத்தவனின் தீப்பெட்டிக்குள் அன்று இரவு ஒரு பச்சைப் பொன் இருக்கும். பிடிப்பது என்றால் அதுதான். அந்தப் படபடப்பை எந்தப் போக்கிமானும் இதுவரை எனக்குத் தந்ததில்லை.

2021 மே 27, வியாழன்

வெளியீட்டு நாள் வந்துவிட்டது: 2022 ஜனவரி 28. அட்டைப் படமும் வந்திருக்கிறது. இன்னும் எட்டு மாதம்.

2021 ஆகஸ்ட் 19, வியாழன்

நேற்று இரவு 10 மணி ஒளிபரப்பை மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு இருந்த கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது.

நிலத்தின் பெயர் ஹிசுய். நம் தளம் ஜூபிலைஃப் என்ற கிராமம். அங்கே கேலக்ஸி குழு என்ற ஆய்வுக்குழு, லாவெண்டன் என்ற பேராசிரியர். சின்னோ என்பது ஹொக்கைடோ தீவின் வரைபடத்தை வைத்து வரைந்தது என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். அந்த வரைபடத்தில் ஜூபிலைஃப் நகரம் இருக்கும் இடம் எங்கள் சப்போரோ. அப்படியானால் நாங்கள் குடியிருக்கும் ஊர் கிராமமாக இருந்த காலத்துக்குத்தான் போகப்போகிறோம். மகளிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சண்டை முறையில் புதியதாக இரண்டு பாணிகள். ஒன்று வேகப் பாணி: தாக்குதலின் வலு குறையும், ஆனால் அடுத்த முறை விரைவில் வரும், சிலசமயம் அடுத்தடுத்து இரண்டு முறை தாக்கலாம். மற்றொன்று வலுப் பாணி: அடி பலமாக விழும், அடுத்த முறை தள்ளிப்போகும். யாருக்குப் பின் யார் என்ற வரிசை திரையின் ஓரத்தில் தெரிகிறது. ஆளுக்கொரு முறை என்ற பழைய கணக்கு இதனால் உடைகிறது. எதிராளி தளர்ந்திருக்கும்போது வேகமா, தப்பிக்கப் பார்க்கும்போது வலுவா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் மகளைப் பிடித்துக்கொண்டது வேறு. காட்டுப் போக்கிமான் ஒன்று திரும்பிப் பார்த்து, ஓடிவந்து மனிதனையே தாக்கியது. அவன் உருண்டு விலகினான். அடி அதிகமானால் மயங்கி விழுவானாம்.

"அப்பா, அது நம்மையே அடிக்குமா?"

"அடிக்கும்."

"நம்மோட போக்கிமானை இல்லை, நம்மை?"

"நம்மைத்தான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் மெதுவாகத்தான் போக வேண்டும்" என்றாள். விளம்பரம் எழுதுகிறவர்கள் பத்து வரியில் சொல்வதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

புதிய உயிர்களில் வைர்டீர் ஒன்று, பழைய ஸ்டான்ட்லரின் வளர்ச்சி. அதன் முதுகில் ஏறிப் போகலாம். உதிரும் தாடி மயிரைக் குளிருக்கு உடையாக்கிக்கொள்வார்களாம். ஹிசுய் குரௌலித் கண்ணை மறைக்கும் அளவுக்கு முடி வளர்த்துக் கிடக்கிறது, நெருப்போடு பாறையும் சேர்ந்த வகை. எல்லா உயிரிலும் குளிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹொக்கைடோவில் ஒரு பனிக்காலம் கழித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

2021 செப்டம்பர் 29, புதன்

கிளீவர். சைதர் என்ற பழைய கும்பிடுபூச்சி வீரன், ஹிசுயில் மட்டும் கிடைக்கும் கனிமத்தால் இப்படி மாறுகிறதாம். கைகள் இரண்டும் கல் கோடரிகள். ஜப்பானியப் பெயர் பசாகிரி, ஒரே வீச்சில் வெட்டிச் சாய்ப்பது போன்ற ஓசை. இத்தீவின் ஷிராதாகிப் பகுதி எரிமலைக் கண்ணாடிக் கல்லுக்குப் பேர்போனது. கற்கால மனிதர்கள் கத்தியும் ஈட்டிமுனையும் செய்தது அந்தக் கல்லில்தான். இதை வரைந்தவர்கள் அந்த மண்ணை நினைத்துத்தான் வரைந்தார்களா என்பதற்கு என்னிடம் சான்றில்லை. எனக்கு அது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

கிளீவர் போன்ற சில, தனி ஆசி பெற்ற பெருந்தலைகள். அவை வெறிபிடித்து நிற்கும்போது அவற்றுக்குப் பிடித்த உணவில் செய்த மருந்துப் பொட்டலங்களை நாமே எறிந்து அமைதிப்படுத்த வேண்டும். இடையிடையே பாய்ந்து வரும் தாக்குதலுக்கு விலக வேண்டும். கொல்வதற்கல்ல, தணிப்பதற்கு என்பதை இரண்டு முறை எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

2021 அக்டோபர் 10, ஞாயிறு

இன்று விளையாட்டைப் பற்றி எழுத எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினோம். தொயோஹிரா ஆற்றங்கரையில் நடந்தோம். நகரத்தின் அழுக்கால் ஒருகாலத்தில் சால்மன் அற்றுப்போன ஆறு இது. 1970களின் இறுதியில் நகர மக்களே இயக்கம் நடத்தி, குஞ்சுகளை விட்டு, மீன்களைத் திரும்ப வரவழைத்தார்கள்.

ஒன்றைப் பார்த்தோம். முழங்கால் ஆழ நீரில், வாலின் தோல் வெளுத்து உரிந்து, முதுகுத் துடுப்பு கிழிந்து, நீரோட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. முன்னேறவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. நடுவில் ஒருமுறை உடல் முழுவதையும் முறுக்கி ஒரு கல்லைத் தாண்டியது. இரண்டு அடி கீழே, கல்லிடுக்கில், செத்துப்போன மற்றொன்று வெளுத்துக் கிடந்தது.

"பாஸ்குலீஜியன்" என்றாள் மகள் மெல்ல.

ஆகஸ்டில் காட்டியதில் அதுவும் ஒன்று. மேல்நோக்கிய கடும் பயணத்தில் உயிர்விட்ட தன் கூட்டத்து மீன்களின் ஆவிகளைச் சுமந்து நீந்தும் மீன். நீரும் ஆவியும் சேர்ந்த வகை. ஜப்பானியர் அதை இதாய்தோ என்கிறார்கள். இதாய் என்றால் மாண்புமிக்கது. இதோ என்பது ஹொக்கைடோ ஆறுகளில் வாழும் ஒரு பெரிய மீனின் பெயர். ஆகஸ்டில் அதை ஒரு நல்ல வடிவம் என்று மட்டும் நினைத்து கடந்துவிட்டேன். இன்று அந்த வெளுத்த வாலைப் பார்த்தபின் அப்படிக் கடக்க முடியாது.

2021 அக்டோபர் 20, புதன்

பழுதடைந்த ஒளிப்படச் சுருள் போல ஒரு காட்சி வெளியிட்டிருக்கிறார்கள். பனி, யாரோ ஒருவரின் நடுங்கும் குரல், குட்டிப் போக்கிமான் என்று நினைத்து நெருங்குகிறார். பிறகு படம் சிதைகிறது. மகளுக்குக் காட்டவில்லை.

2021 அக்டோபர் 22, வெள்ளி

அது ஹிசுய் சோருவா. வெண்ணிற உடல், நுனியில் மட்டும் சிவப்பு. அதன் கதையை வாசித்துவிட்டு வெகுநேரம் வேறெதுவும் செய்யவில்லை. வேறு நிலத்திலிருந்து மனிதர்களால் விரட்டப்பட்டு ஹிசுய்க்கு வந்தவை. குளிரும் பிற போக்கிமான்களோடு மூண்ட மோதலும் அவற்றை அழித்தன. மனிதர்மீது இருந்த வன்மத்தால் ஆவியாக மறுபடியும் உருவெடுத்தன.

இத்தீவின் பழைய பெயர் எசோ. 1869இல்தான் ஹொக்கைடோ ஆயிற்று. குடியேற்றம் பெருகியபோது நிலமும் மொழியும் இழந்தவர்கள் இங்கேயே வாழ்ந்துவந்த ஐனு மக்கள். சப்போரோ என்ற பெயரே ஐனு மொழியிலிருந்து வந்தது. கடந்த ஆண்டு ஜூலையில் ஷிராஓயில் ஐனு மக்களுக்கான தேசிய அருங்காட்சியகம் திறந்தார்கள். முதல் கிராமம், முதல் ஆய்வு, முதல் ஏடு என்று கதை சொல்லப்போகும் இந்த விளையாட்டு, வந்தவர்களுக்கு முன்பே இருந்தவர்களை எப்படிக் காட்டும் என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை. சோருவாவை எழுதியவர்கள் அதை யோசித்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

2021 நவம்பர் 20, சனி

புதுப்பித்த டைமண்ட் நேற்று வந்தது. மகள் ஜூபிலைஃப் நகரத்தில் நின்று, "இங்கேதான் அந்தக் கிராமம் இருந்ததா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றுகிறாள்.

2021 டிசம்பர் 2, வியாழன்

முழுதும் ஒரே திறந்த வெளி அல்ல என்பது இப்போது உறுதியாகிவிட்டது. கிராமத்தில் பணியைப் பெற்றுக்கொண்டு, ஆயத்தம் செய்து, ஒரு பகுதிக்குச் செல்ல வேண்டும். வேலை முடிந்ததும் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லையற்ற வெளியைக் கனவு கண்டவர்கள் சோர்ந்துபோயிருக்கிறார்கள். எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. காட்டுக்குப் போகிறவன் பொழுது சாய வீடு திரும்ப வேண்டும். வந்து, பார்த்ததைச் சொல்ல ஒரு திண்ணை வேண்டும்.

2021 டிசம்பர் 10, வெள்ளி

ஹிசுய் வோல்டார்ப்! மரத்தில் கடைந்த பந்து போல, உச்சியில் ஒரு துளை. மின்சாரத்தோடு புல்லும் சேர்ந்த வகை. வழக்கமான வோல்டார்ப் இக்காலப் போக்கிபந்தைப் போல இருக்கும், இது அக்காலத்துப் பந்தைப் போல இருக்கிறது. கோபமே இல்லாத பிறவி, மகிழ்ச்சி மிகுந்தால் மின்சாரத்தைக் கொட்டிவிடும். மகள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடமாயிற்று.

2022 ஜனவரி 15, சனி

வாசலில் பனியை வாரி ஒதுக்கிவிட்டு வந்து, இதுவரை காட்டிய நீண்ட விளக்கக் காட்சிகளை மறுபடி பார்த்தேன். போக்கிடெக்ஸ் நிரம்பும் முறைதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். ஒன்றைப் பிடித்ததும் பக்கம் நிறைந்துவிடுவதில்லை. அதே இனத்தைப் பலமுறை பிடிக்க வேண்டும், அது குறிப்பிட்ட தாக்குதலைச் செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்கு என்ன பிடிக்கும் என்று அறிய வேண்டும். பந்தைக்கூட அப்ரிகார்ன் காயும் கல்லும் பொறுக்கி வந்து நாமே செய்துகொள்ளலாம். கையில் எத்தனை பந்து இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு எறிவது வேறு, கடையில் நூறு வாங்கி வைத்துக்கொண்டு எறிவது வேறு.

2022 ஜனவரி 27, வியாழன்

விளையாட்டு முன்கூட்டியே சிலர் கைக்குப் போய்விட்டதாம், கசிந்த படங்கள் உலவுகின்றன. ஒரு வாரமாக எதையும் திறந்து பார்க்கவில்லை. காலையில் வாசலில் நரியின் காலடித் தடம், ஒரே கோட்டில், வேலிவரை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதே போதுமாயிருந்தது.

2022 ஜனவரி 29, சனி

நேற்று பள்ளி முடிந்து வந்ததும் மகள்தான் தொடங்கினாள். கடற்கரையில் விழித்தெழுந்து, பேராசிரியரிடமிருந்து ஓடிப்போன மூன்று குட்டிகளைப் பிடித்துக் கொடுத்து, கிராமத்துக்கு வந்து சேர்ந்தாள். குழுவில் சேர ஒரு சோதனை: பிடூஃப், ஸ்டார்லி, ஷிங்க்ஸ் மூன்றையும் பிடிக்க வேண்டும். முதல் இரண்டும் எளிது.

ஷிங்க்ஸ் கண்டதும் பாயும். முதல் முறை ஓடிப் போனாள், அடிபட்டாள். இரண்டாம் முறை பதுங்கும் பொத்தானை அழுத்தியவள், தானும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் குந்தினாள். புல் திரையின் பாதியை மறைத்தது. ஷிங்க்ஸ் காதை அசைத்து, முதுகைக் காட்டி, வேறு பக்கம் நடந்தது. எறியும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி குறிபார்த்தாள். அவள் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

விரலை எடுத்தாள். பந்து ஒருமுறை ஆடியது. பிறகு அதன் உச்சியிலிருந்து ஒரு சின்ன வாணம் புஸ்ஸென்று கிளம்பி வெடித்தது.