சர்க்கரை மாத்திரை என்று சொல்லி வைத்த மாத்திரை

எச்.ஐ.வி. சிகிச்சை மையம் ஒன்றின் மருந்தகச் சாளரத்துக்குப் பின்னால் 16 ஆண்டுகளாக நிற்கிறேன். மருந்தாளுநர் நோயாளியின் நாடியைப் பார்ப்பதில்லை. அவர் கொண்டுவரும் பையைத்தான் பார்க்கிறார். புட்டியின் மேலிருக்கும் சீட்டைக் கிழித்துவிட்டு எடுத்துப்போகிறவர்கள் உண்டு. நடக்கும்போது மாத்திரைகள் குலுங்கும் ஓசை கேட்கக்கூடாது என்று உள்ளே பஞ்சு அடைப்பவர்கள் உண்டு. வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலோரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "சர்க்கரைக்குச் சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்."

இதைவிடப் பொருத்தமான மறைப்பு கிடைக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வாழ்நாள் முழுவதும் தவறாமல் விழுங்க வேண்டிய ஒரு மாத்திரைக்கு, கேட்பவர் அடுத்த கேள்வி கேட்காத ஒரு காரணம் வேண்டுமென்றால், சர்க்கரையே போதும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அப்படிச் சொல்லி வைத்தவர்களில் சிலருக்கு உண்மையாகவே சர்க்கரை நோய் வந்தது. அறுபதை நெருங்கிய ஒருவர் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினுக்குரிய தம் முதல் சீட்டைச் சாளரத்தில் நீட்டியபோது, "நான் சொன்ன பொய் பலித்துவிட்டது, மேடம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வந்ததற்கான காரணங்களை அவருக்கு எளிமையாகத்தான் விளக்க முடிந்தது. 1996ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்த நோயாளிகளை முதுமை வரை வாழ வைத்தது. முதுமையோடு வரும் நோய்களும் அவர்களைத் தேடி வந்தன. அதோடு, வைரஸ் பெருகத் தேவையான நொதியை முடக்கும் இண்டினாவிர் போன்ற பழைய புரோட்டியேஸ் தடுப்பான்கள் உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படும் தன்மையைக் குறைத்தன. ஸ்டாவுடின், ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் கன்னத்திலும் கைகால்களிலும் இருந்த கொழுப்பைக் கரைத்தன; இன்சுலினின் வேலையும் அதனால் கெட்டது. ஸ்டாவுடின் வழக்கொழிந்துவிட்டது என்றாலும், அதை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்களின் உடலில் அதன் தடம் இன்னும் இருக்கிறது. வைரஸ் அடங்கிய பிறகும் உடலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது காரணங்களைப் பற்றி அன்று. சொல்லக்கூடிய நோயும் சொல்லமுடியாத நோயும் ஒரே உடலில் சேரும்போது, இரண்டுக்கும் தனித்தனி மருத்துவர், தனித்தனிச் சீட்டு, தனித்தனிப் பை என்று ஆகிவிடுகிறது. ஒரு பையில் இருப்பது மறு பைக்குத் தெரியாததால் வரும் கேடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் என் பங்கும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் டோலுடெக்ராவிர் என்ற மருந்தை எச்.ஐ.வி.க்கான முதல்நிலைச் சிகிச்சையின் முதன்மை மருந்தாக 2019இல் உறுதிப்படுத்திய பிறகு, அதுவரை கொடுத்துவந்த எஃபாவிரென்ஸில் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகப் புதிய மாத்திரைக்கு மாற்றினோம். வரிசை நீளமாக இருந்த ஒரு நாளில், "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் இல்லை என்றார். அவருக்குப் பின்னால் நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது கேட்கப்பட்ட கேள்விக்கு வேறு பதில் வராது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் வேறொரு மருத்துவரிடம் நாளுக்கு 2000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மருத்துவருக்கு இவருடைய எச்.ஐ.வி. பற்றித் தெரியாது.

சிறுநீரகம் மெட்ஃபார்மினை வெளியேற்றும் வழியை டோலுடெக்ராவிர் அடைக்கிறது. நாளுக்கு ஒரு முறை 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் எடுப்பவரின் ரத்தத்தில் மெட்ஃபார்மினின் மொத்தச் சேர்மானம் 79 விழுக்காடு கூடுகிறது. இருவேளை எடுத்தால் 145 விழுக்காடு. அதனால்தான் இரண்டும் சேரும் இடத்தில் மெட்ஃபார்மினை நாளுக்கு 1000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த மனிதருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தன. அவர் பழைய மருந்தைச் சந்தேகிக்கவில்லை, புதியதைச் சந்தேகித்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். டோலுடெக்ராவிரை ஒன்று விட்டு ஒரு நாள் விழுங்கத் தொடங்கினார். அடுத்த முறை மீந்த மாத்திரைகளை எண்ணியபோதுதான் விஷயம் வெளிவந்தது. மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைத்ததும் வயிறு அடங்கியது. நல்லவேளையாக வைரஸ் அளவு ஏறியிருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியைச் சாளரத்தில் கேட்பதை விட்டுவிட்டேன். கதவு சாத்திய அறையில், பையைக் கவிழ்க்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

பையைக் கவிழ்த்தால் எதிர்பாராதவை விழும். கால் மரத்துப்போகிறது என்று கடையில் வாங்கிய சத்து மாத்திரைகளில் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) இரும்புச் சத்தும் இருக்கும்; வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. அந்த மரத்துப்போதலே ஒரு புதிர்தான். சர்க்கரையாலும் வரலாம், எச்.ஐ.வி.யாலும் வரலாம், என்றோ எடுத்த ஸ்டாவுடினாலோ காசநோய்த் தடுப்புக்குக் கொடுத்த ஐசோனியசிடாலோ வரலாம். நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவரிடம் குறைந்துபோகும் பி12 உயிர்ச்சத்தாலும் வரலாம். ஒரு மருத்துவர் தமக்குத் தெரிந்த ஒரு காரணத்தோடு நின்றுவிடுவது இயல்பு. மற்ற காரணங்கள் இருக்கும் கோப்பு அவர் மேசையில் இல்லையே.

ஆய்வகத் தாளும் இவர்களை ஏமாற்றும். ஜிடோவுடின் எடுத்துவந்த ஒரு பெண்மணிக்கு, கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. எல்லைக்கோட்டுக்குள் இருக்கிறது, நிம்மதி என்று அனுப்பிவிட்டார்கள். இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதாக அவர் என்னிடம்தான் சொன்னார், அதுவும் பேச்சுவாக்கில். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 168. நோய் என்று சொல்வதற்கு 126 போதும். எச்பிஏ1சி என்பது சுமார் 120 நாள் வாழும் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு. அணுக்களின் அளவும் ஆயுளும் மாறினால் கணக்கும் மாறும். ஜிடோவுடின் சிவப்பணுக்களைப் பருக்கச் செய்கிறது. தொற்றுகளைத் தடுக்கக் கொடுக்கும் டாப்சோன் அவற்றைச் சிதைக்கிறது. இவர்களில் பலருக்கு எச்பிஏ1சி உண்மை நிலையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், நோயைக் கண்டறிய வெறும் வயிற்றுச் சர்க்கரையைத்தான் நம்ப வேண்டும். கூட்டு மருந்து தொடங்கும் முன்பும், மருந்தை மாற்றும்போதும், அதற்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், பிறகு ஆண்டுதோறும் அதைப் பார்ப்பது முறை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ரத்தத்தில் அளக்கும் கழிவான கிரியாட்டினின் விஷயத்தில் ஏமாற்றம் எதிர்த்திசையில் நடக்கும். டோலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரங்களில் அது சற்றே ஏறி, அங்கேயே நின்றுவிடும். சிறுநீரகம் பழுதானதால் அன்று, கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வாயிலை மருந்து அடைப்பதால். இதை அறியாத ஒருவர் மெட்ஃபார்மினை முற்றிலும் நிறுத்தியதால் ஒரு நோயாளியின் சர்க்கரை கட்டுமீறிப் போனது. அதே வேளையில், டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தும் நீரிழிவும் சேர்ந்து சிறுநீரகத்தை உண்மையாகவே அரிக்கக்கூடும். எனவே ஏறிய எண்ணை அலட்சியப்படுத்தவும் முடியாது. சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

மற்ற எச்.ஐ.வி. மருந்துகள் உடலில் நீடிக்கச் சேர்த்துக் கொடுக்கும் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவர் மூட்டுவலிக்கு ஒரு ட்ரையாம்சினோலோன் ஊசி போட்டுக்கொண்டால், அந்த ஸ்டீராய்டு வாரக்கணக்கில் உடலில் தங்கி, முகத்தை ஊதவைத்து, சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் கடினமாக இருப்பது எடையைப் பற்றிய பேச்சு. டோலுடெக்ராவிரில் எடை கூடுகிறது. சர்க்கரைக்கு எடை குறைய வேண்டும். ஆனால் இந்த நோயின் முதல் தலைமுறையினருக்கு மெலிவு என்பது உடல்நலத்தின் அடையாளம் அன்று. ஒட்டிய கன்னத்தைப் பார்த்துத்தான் அக்கம்பக்கம் அவர்களை இனங்கண்டது. "இந்தச் சதைதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, இதையா குறைக்கச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டபோது, என்னிடம் இருந்த அறிவுரைத் தாளை நீட்டக் கை வரவில்லை. இப்போது நான் எடை என்ற சொல்லை எடுப்பதில்லை. இடுப்புச் சுற்றளவு, படியேறும்போது வாங்கும் மூச்சு, சாப்பிட்ட பின் நடக்கும் அரைமணி நேரம் என்று பேசுகிறேன். ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறோம், கொஞ்சம் சுற்றுவழியாக.

பொய் பலித்துவிட்டது என்றவரிடம் திரும்ப வருகிறேன். சர்க்கரை வந்த பிறகு வீட்டில் அவருக்கு அக்கறை கூடிவிட்டது. மகன் குளுக்கோமீட்டர் வாங்கித் தந்து, தினமும் தானே விரலில் குத்திப் பார்த்தான். அதே கருவியில் தன் தாய்க்கும் பார்க்க விரும்பினான். ஊசிமுனையை மாற்றினாலும், குத்தும் கருவி ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும் என்பது எவருக்கும் பொருந்தும் விதி என்று சொல்லி அவர் தப்பித்தார். இன்னொன்றில் தப்பிக்க வழி தெரியவில்லை. சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருந்த ஒரு மாதத்தில், "இவ்வளவு மாத்திரை எதற்கு அப்பா, ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று மகன் ஒரு புட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். அது எங்கள் புட்டி. சர்க்கரை மாத்திரை என்று பல ஆண்டுகள் சொல்லி வந்ததால், குறைக்க முடியாது என்பதற்குச் சொல்லக் காரணம் இல்லாமல் போயிற்று. நான்கு நாள் விடுபட்ட பிறகு பதறிக்கொண்டு வந்தார்.

மகனிடம் சொல்லிவிடலாமே என்று நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். இருவரும் உட்கார்ந்து இரண்டு பட்டியல் எழுதினோம். ஒன்று எந்த மருத்துவரிடம் போனாலும் காட்ட வேண்டியது. அதில் எல்லாமே பெயரோடும் அளவோடும் இருக்கின்றன, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றொன்று வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு. அதில் மெட்ஃபார்மினுக்கு எதிரே, "சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவர் மாற்றலாம்" என்று எழுதினேன். அடுத்த வரியில் என்ன எழுதலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரவு மாத்திரை: சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் நிறுத்தக்கூடாது" என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நிறுத்தக்கூடாது" என்பதன் கீழே மட்டும் ஒரு கோடு போடச் சொன்னார்.