நோர்வே குளிரில் விறகடுப்பு: புகையையும் எரிக்க வேண்டும்

விறகடுப்பு உள்ள வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் பழக்கம் ஒன்று உண்டு. படுக்கப் போகுமுன் அடுப்பு நிறைய விறகை அடைத்து, தீப் பிடித்ததும் காற்றுத் துவாரத்தை இறுக்க மூடிவிடுவார்கள். விறகு விடியும்வரை கிடக்கும், வீடும் சூடாக இருக்கும், செலவும் மிச்சம் என்பது கணக்கு. விறகு விடியும்வரை கிடப்பது உண்மைதான். ஆனால் அந்த விறகின் வெப்பத்தில் கணிசமான பங்கு எரியாத புகையாகப் புகைபோக்கி வழியே போய்விடும். போகிற வழியில் தாராக ஒட்டும். மீதி அயலவரின் மூச்சில் சேரும். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் விறகு எரியும் விதத்தில் இருக்கிறது. காய்ந்த விறகைச் சூடாக்கினால் அதன் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் வாயுவாக வெளியேறுகிறது, எஞ்சுவதுதான் கரி. நாம் காணும் மஞ்சள் சுவாலை அந்த வாயு எரிவதுதான். அது முழுதாக எரிய மூன்று விஷயங்கள் வேண்டும்: ஏறத்தாழ 600 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம், போதிய ஒட்சிசன், வாயுவும் ஒட்சிசனும் கலப்பதற்குக் கொஞ்ச நேரம். துவாரத்தை மூடினால் ஒட்சிசன் குறையும். ஒட்சிசன் குறைந்தால் சுவாலை அடங்கும், அடங்கினால் வெப்பம் இறங்கும். ஆனால் தணலின் சூட்டில் விறகு வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதுதான் புகை. ஊர் அடுப்படியில் விறகு புகையத் தொடங்கினால் ஊதுகுழலை எடுத்து ஊதுவார்களே, சுவாலை எழுந்ததும் புகை அடங்கிவிடுமே, இரும்பு அடுப்பிலும் நடப்பது அதேதான்.

நோர்வேயில் 1998 முதல் புதிதாக விற்கப்படும் விறகடுப்புகளுக்குப் புகைத் துகள் வெளியேற்ற வரம்பு உண்டு. 1998இல் வந்த அந்த விதியின்படி வினையூக்கி (புகையைக் குறைந்த சூட்டிலேயே எரியவைக்கும் பொருள்) இல்லாத அடுப்பு ஒரு கிலோ விறகுக்கு 10 கிராம் துகளுக்கு மேல் விடக்கூடாது என்றிருந்தது. இதற்காக வடிவமைத்த அடுப்புகளில் பின்சுவரிலோ மேற்பகுதியிலோ வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே சூடேறிய இரண்டாம் காற்று வந்து, சுவாலைக்கு மேலே எழும் வாயுவை எரிக்கிறது. அடுப்பு நன்றாகச் சூடாக இருக்கும்போது பார்த்தால் அந்தத் துளைகளிலிருந்தே தீ நாக்குகள் புறப்படுவதுபோல் தெரியும். பேர்கன் நகரில் 1998க்கு முந்திய பழைய அடுப்புகளை எரிப்பதற்கு 2021 முதல் தடை. ஒஸ்லோவில் பழையதை மாற்ற நகராட்சி மானியம் கொடுத்து வந்திருக்கிறது. குளிர்காலத்தில் காற்றசைவில்லாத நாட்களில் இந்த நகரங்களின் குழிவான நிலப்பரப்பில் புகை அப்படியே தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதிகளின் அவசியம் புரியும். ஆனால் புதிய அடுப்பில் ஈர விறகைப் போட்டுக் காற்றை மூடினால் அதுவும் பழைய அடுப்புப்போலவே புகையும்.

விறகு

ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். இதில் ஒரு குழப்பம் உண்டு. விறகுக்காரர் சொல்லும் 20 சதவீதம் பெரும்பாலும் மொத்த எடையில் நீரின் பங்கு. கடையில் வாங்கும் ஊசிமுனை ஈரமானிகள் பலவும் உலர் எடைக்கு எதிராகக் கணக்கிடுகின்றன. அந்த மானியில் 25 என்று காட்டினால், மொத்த எடைக் கணக்கில் அது 20. விறகின் வெளிமுகத்தில் குத்திப் பார்த்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையில் குத்துங்கள். மானி இல்லாவிட்டால் சமையல் தராசு போதும். உள்பகுதியிலிருந்து ஒரு துண்டை நிறுத்து, ஓவனில் 103 பாகையில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி நிறுங்கள். 200 கிராம் 160 ஆக இறங்கினால் ஈரம் 20 சதவீதம்.

ஈரத்தினால் வரும் இழப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 40 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் 400 கிராம் நீர். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க ஏறத்தாழ 0.28 யூனிற் (கிலோவாற் மணி) வெப்பம் போகும். அந்த விறகிலுள்ள 600 கிராம் உலர் மரத்தின் வெப்பம் சுமார் 3.1 யூனிற். அதாவது நேரடி இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது. அந்த நீராவி அடுப்பின் உள்வெப்பத்தை இறக்கிவிடுவதால் வாயு எரியாமலே போகிறது. அடுப்புக் கதவின் கண்ணாடி கறுக்கிறது, புகைபோக்கியில் தார் படிகிறது. கணக்கில் 10 சதவீதம் என்றாலும் நடைமுறையில் இழப்பு அதைவிடப் பெரிது.

இங்கே விருப்பமான மரம் பிர்ச். ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 500 கிலோ உலர் மரம் இருக்கும். பைனில் 440, ஸ்ப்ரூஸில் 380. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தையே தரும். அதனால் ஸ்ப்ரூஸ் மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சீக்கிரம் பற்றும், இலேசான குளிர்நாளுக்கு அதுவே நல்லது. ஆனால் விறகு இங்கே லீற்றர் கணக்கில் விற்கப்படுகிறது: 40, 60 லீற்றர் சாக்குகள், 1000 லீற்றர் பெரும் சாக்கு. லீற்றருக்குப் பணம் கொடுக்கும்போது எந்த மரம் என்பது விலையைத் தீர்மானிக்கவேண்டும். கொட்டி நிரப்பிய சாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெறும் இடைவெளி என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்களே பிளப்பதென்றால் குளிர்காலக் கடைசியில், இலை துளிர்க்கும் முன் வெட்டிய மரத்தை ஏப்ரல், மே மாதத்துக்குள் பிளந்து அடுக்கிவிடுங்கள். பிளவு 8 முதல் 12 சென்ரிமீற்றர் தடிப்பு இருந்தால் நல்ல கோடையில் செப்டெம்பருக்குள் காய்ந்துவிடும். பிளக்காத உருளை பிர்ச் காயவே காயாது. அதன் பட்டை நீரை வெளியே விடாது, உள்ளேயே உளுத்துப்போகும். அடுக்கின் கீழே பலகை வைத்து நிலத்திலிருந்து தூக்குங்கள், மேலே மட்டும் மூடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் பூஞ்சணம்தான் மிஞ்சும். எரிப்பதற்கு ஒரு நாள் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். குளிர்ந்த கட்டை அடுப்பின் சூட்டைத் தின்னும்.

அளவுக்கு மிஞ்சிக் காய்ந்ததிலும் சிக்கல் உண்டு. பல வருடம் வீட்டுக்குள் கிடந்த மரச் சட்டங்கள் போன்றவை வாயுவை ஒரேயடியாக விடும். காற்று ஈடு கொடுக்காது, கரும்புகை வரும். அவற்றை ஒவ்வொன்றாக, சாதாரண விறகோடு கலந்து போடவேண்டும். வர்ணம் பூசியது, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றியது, ஒட்டுப்பலகை, பால் பெட்டி ஆகியவை அடுப்புக்குள் போகக்கூடாது. கடற்கரையில் ஒதுங்கிய மரமும் அப்படித்தான். அதிலுள்ள உப்பு இரும்பை அரிக்கும், எரியும்போது நச்சு வாயுக்களும் உண்டாகும். கரையோரக் கிராமங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மேலிருந்து பற்றவைத்தல்

நம்மில் பெரும்பாலோர் கீழே தாள், அதன்மேல் சுள்ளி, அதன்மேல் கட்டை என்று அடுக்கிக் கீழிருந்து கொளுத்துவோம். அப்போது கீழே எழும் தீ மேலேயுள்ள குளிர்ந்த கட்டைகளைச் சுட்டு வாயு கக்க வைக்கும். அந்த வாயுவை எரிக்க மேலே தீ இருக்காது. முதல் கால்மணி நேரம் புகை மண்டுவது இதனால்தான்.

தலைகீழாக அடுக்குங்கள். அடியில் இரண்டு அல்லது மூன்று கட்டைகளைச் சிறு இடைவெளிவிட்டுக் கிடத்துங்கள். அதன்மேல் விரல் தடிப்பில் பிளந்த சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அடுக்கு வையுங்கள், மொத்தம் 12 முதல் 16 துண்டு. உச்சியில் சிராய்களுக்கு இடையே ஒரு தீமூட்டிக் கட்டி. எல்லாக் காற்றுத் துவாரங்களையும் முழுதாகத் திறந்து, உச்சியில் கொளுத்துங்கள். முதல் சில நிமிடம் கதவை ஒரு விரலளவு திறந்தே வைத்தால் கண்ணாடியில் நீர் படியாது. அந்த நேரம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. கீழேயுள்ள கட்டைகள் மெதுவாக வாயுவை விட, அது மேலே இருக்கும் தீயைக் கடந்துதான் போகவேண்டும், போகும்போது எரிந்துவிடும். சிராயில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்தாறு துண்டோடு தொடங்கினால் தீ பாதியில் சோர்ந்துவிடும், பிறகு இந்த முறையையே குறை சொல்வார்கள்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தால் புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று அடைத்து நிற்கிறது என்று பொருள். ஒரு தாளைக் கசக்கி, அடுப்பின் மேற்பகுதியில் புகை வெளியேறும் இடத்துக்கு அருகே எரித்தால் அது மேலெழும். அப்படியும் திரும்பி வந்தால் சமையலறை உறிஞ்சு விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். இன்றைய இறுக்கமான வீடுகளில் அந்த விசிறி ஒன்றே புகைபோக்கியின் இழுவையைத் தோற்கடித்துவிடும். சோதனைச்சாலையில் அடுப்புகளைச் சோதிக்கும் இழுவையே 12 பஸ்கால் அளவுதான். அத்தனை மெல்லிய விசை அது. விசிறியை நிறுத்தி, அருகிலுள்ள யன்னலைக் கொஞ்சம் திறந்தால் சரியாகும். நிரந்தரத் தீர்வு வெளிக்காற்றை நேரே அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய்.

எரியும்போது

20 சதவீதத்துக்குள் காய்ந்த விறகு ஒரு கிலோவில் 4 யூனிற்றுக்குச் சற்று மேல் இருக்கிறது. நல்ல புதிய அடுப்பில் அதில் முக்கால்வாசி அறைக்கு வரும், அதாவது 3 யூனிற். ஒன்றரைக் கிலோ விறகு ஒரு மணி நேரத்தில் எரிந்தால் நாலரைக் கிலோவாற் ஹீற்றர் அந்த மணி நேரம் ஓடியதற்குச் சமம். புதிய வீடுகள் பலவற்றுக்கு இதுவே அதிகம். அதனால் அடுப்பு வாங்கும்போது பெரிதாக வாங்காதீர்கள். பெரிய அடுப்பு அறையை வேகவைக்கும், நீங்கள் காற்றை மூடுவீர்கள், கதை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். வீட்டுக்குக் குறைந்த சூடு போதுமென்றால் குறைவான விறகைச் சுறுசுறுப்பாக எரித்து, தீயை அணையவிட்டு, பிறகு மறுபடி மூட்டுவதே வழி. சோப்புக்கல் போன்ற கனமான கல் போர்த்திய அடுப்புகள் இதற்கு மிகப் பொருத்தம். சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பல மணி நேரம் விடும்.

அடுத்த விறகைப் போடும் நேரம் சுவாலை தணிந்து தணல் சிவப்பாகக் கிடக்கும்போது. தணலை முன்னுக்கு இழுத்துப் பரப்பி, துவாரத்தைத் திறந்து, இரண்டு கட்டை வையுங்கள். ஒற்றைக் கட்டை தனியாக அணையப் பார்க்கும். இரண்டு ஒன்றையொன்று சுடும். முழுதாகப் பற்றியபின், சுமார் ஐந்து நிமிடத்தில், காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். சுவாலை கலகலப்பாக ஆடவேண்டும். சோம்பி, செம்மஞ்சளாகி, நுனி கறுத்தால் அளவுக்கு மேல் குறைத்துவிட்டீர்கள். ஒருமுறை வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். மூட்டிய இருபது நிமிடத்துக்குப் பிறகு வெப்ப அலை மட்டும் நெளியவேண்டும், புகை தெரியக்கூடாது. கடுங்குளிரில் வெள்ளை நீராவி சிறிது தெரியலாம். அது சீக்கிரம் கரைந்துவிடும். நீலச் சாம்பல் நிறத்தில் இழுபட்டு நின்றால் அது புகை.

உள்ளிருக்கும் வெளிர்நிறத் தகடுகள் வெளிறியே இருக்கவேண்டும். அவை கறுத்தால் அடுப்பு குளிர்ந்து எரிகிறது. அடுப்பிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் ஒற்றைச் சுவர்க் குழாயில் காந்த வெப்பமானி ஒன்றை ஒட்டிவைப்பது மலிவான, மிகப் பயனுள்ள காரியம்: மேற்பரப்பு 120க்கும் 250 பாகைக்கும் இடையில் இருக்கட்டும். கீழே போனால் தார், மேலே போனால் அடுப்புக்கு ஆபத்து.

சூடு ஒரே அறையில் தேங்கினால் சிறு மின்விசிறியைக் குளிர்ந்த அறையின் தரையில் வைத்து அடுப்புப் பக்கம் திருப்புங்கள். கனமான குளிர்காற்று தரையோடு அடுப்பறைக்குள் போகும், சூடான காற்று மேலால் திரும்பி வரும். எதிர்த்திசையில் வைத்தால் அவ்வளவு பலன் இல்லை.

பழுதும் பாதுகாப்பும்

கதவைச் சுற்றியுள்ள கயிற்று அடைப்புத்தான் முதலில் தேயும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது, தீ உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை; கயிற்றை மாற்றுங்கள். உள்தகட்டில் வெடிப்பு மட்டும் என்றால் பயமில்லை, துண்டு கழன்றால் மாற்றவேண்டும். கண்ணாடி கறுத்தால் ஈரத் தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தாலே போகும்.

புதிய அடுப்பு பொருத்தினால் நகராட்சிக்கு அறிவிக்கவேண்டும். கதவுள்ள அடுப்பின் முன்னால் குறைந்தது 30 சென்ரிமீற்றருக்கு எரியாத தகடு தரையில் வேண்டும். புகைபோக்கி சுத்தம் செய்பவர் வரும்போது கேள்வி கேளுங்கள். தார் எவ்வளவு, எப்படிப்பட்டது என்று அவர் சொல்வதைவிடச் சிறந்த அறிக்கை உங்கள் அடுப்புக்கு இல்லை. மினுமினுக்கும் கெட்டித் தார் என்றால் அடுத்தது புகைபோக்கித் தீ. அது இரைச்சலோடு வரும். துவாரங்களையும் கதவையும் மூடி, எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புச் சேவையை 110இல் அழையுங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம், புகைபோக்கி வெடிக்கும். பரிசோதிக்கும்வரை மறுபடி மூட்டவும் கூடாது. காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்று அடுப்புள்ள எல்லா வீட்டிலும் இருக்கவேண்டும், ஏனென்றால் தணல் இருக்கும்போதே துவாரத்தை முழுக்க மூடினால் அந்த வாயு வாசனையின்றி அறைக்குள் வரலாம்.

சாம்பலை முழுக்க அள்ளாமல் அடியில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் விடுங்கள். தணல் அதில் உயிரோடு நிற்கும், அடுத்த தீ எளிதாகப் பிடிக்கும். அள்ளிய சாம்பல் ஆறியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு நாட்கணக்கில் இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மரத் தளத்திலோ சுவரோரத்திலோ அல்லாமல் வெளியே வெறும் கல்லின்மேல் வையுங்கள். நன்றாக ஆறியபின் தோட்டத்து மரக்கறிப் பாத்திக்குக் கொஞ்சம் தூவலாம். புளுபெரிச் செடிக்கு மட்டும் வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.