சுரஞ்சன் தாஸ் ரோட்டில் ஒரு டிராஃபிக் ஜாம்

பெங்களூரில் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சுரஞ்சன் தாஸ் ரோட்டில் அரைமணி நேரமாவது மாட்டிக்கொள்வேன். யார் இந்த தாஸ் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. யாரோ அரசியல்வாதி என்று நினைப்பு. போன மாதம்தான் மாமா, "வா மாப்ள, அவரு ஓட்டுன பிளேனோட தம்பியைக் காட்டறேன்" என்று விமானம் கட்டும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்.

கட்டடத்துக்குள் வரிசையாகப் புகைப்படங்கள். சரி, அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே வெளியே போய்விட்டோம். மரத்தடி வெயிலில் நின்றது மாருத் என்ற போர் விமானம். பென்சில் சீவினாற்போல மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, நடுவில் இடுப்புபோல ஒடுங்கிய உடம்பு. விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டாகத் துப்பாக்கித் துளைகள். ஒன்றினுள் விரலை விட்டுப் பார்த்தேன். 30 மி.மீ. பீரங்கி இருந்த இடத்தில் காய்ந்த இலைச் சருகு.

வடிவமைத்தவர் குர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஃபோக்-வுல்ஃப் 190 போர் விமானத்தை உருவாக்கியவர். முதலில் இன்ஜினே இல்லாமல், முழு அளவில் மரத்தாலேயே ஒன்றைச் செய்து, டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்து மேலே விட்டிருக்கிறார்கள். நிஜ மாருத்தை 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறக்கவிட்டவர்தான் சுரஞ்சன் தாஸ்.

ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம் என்பது டாங்க்கின் கணக்கு. அதற்கேற்ற இன்ஜினை உருவாக்க பிரிட்டிஷ்காரர்கள் பணம் கேட்டார்கள், டெல்லி கொடுக்கவில்லை. கடைசியில் ஆர்ஃபியஸ் 703 இன்ஜின் இரண்டை வைத்து ஒப்பேற்றினார்கள். ஒலியின் வேகத்தை எட்டவே திணறியது. "உடம்பு புலி, மூச்சு பூனை" என்றார் மாமா. இன்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் எனக்கு இதைப் பிடித்துப்போனதும் அந்த இரட்டை இன்ஜினால்தான். 1971 போரில் ராஜஸ்தான் பாலைவன எல்லையில் தரையை ஒட்டிப் பறந்து ரயில்களையும் டாங்கிகளையும் தாக்கின மாருத்கள். கீழிருந்து சுட்டதில் ஒரு இன்ஜின் செத்துப்போக, மிச்சமிருந்த இன்னொன்றை நம்பி எல்லை தாண்டித் திரும்பி வந்த விமானிகள் உண்டு. அந்த டிசம்பரிலேயே ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்ஷி பாகிஸ்தானின் சேபர் போர் ஜெட் ஒன்றை வீழ்த்தியதாக நம் விமானப்படைக் கணக்கு. அதே பாலைவனத்தில் நடந்த லோங்கேவாலா சண்டை என்றால் எல்லோரும் ஹண்டர் விமானத்தைச் சொல்வார்கள். அங்கே பெரும்பங்கு அதனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் நம்மூரில் கட்டிய 147 மாருத்களின் பேரைக்கூடத் தெரியாமல் இருந்தேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"தாஸ் என்ன ஆனார் மாமா?"

"இதே ஊர்லதான். 1970 ஜனவரி 10. இன்ஜின் வால்ல இன்னும் எரிபொருளை எரிச்சு வேகம் கூட்டற பின்னெரிப்பு வச்ச மாருத்தைச் சோதிச்சுப் பாக்க ஏறினாரு. கிளம்பின உடனே விழுந்துருச்சு."

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. கைக்குட்டையால் இறக்கை நுனியில் இருந்த காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டு நடந்தார்.

திரும்பும்போதும் அதே ரோடு, அதே ஜாம். ஆட்டோக்காரர் ரோட்டின் பெயரைச் சொல்லிக் கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். மாமா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.