கூலி வேறு, கிருபை வேறு

22 வருடமாகச் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசி வந்துவிட்டால் என் மேஜையில் வருகைப் பதிவேடுதான் எல்லாம். யார் எத்தனை நாள் வந்தார்கள், எத்தனை தாமதம், ஓவர்டைம் எத்தனை மணி நேரம், பிடித்தம் எவ்வளவு. மூன்று தாமதம் சேர்ந்தால் அரை நாள் விடுப்பு போகும். கையில் விடுப்பு இல்லாதவருக்குச் சம்பளத்தில் கழியும். இந்த விதிகளை நான் குறை சொல்லமாட்டேன். விதி இல்லாத அலுவலகத்தில் வேண்டியவருக்கு ஒரு கணக்கு, வேண்டாதவருக்கு ஒரு கணக்கு என்று ஆகிவிடும். முதலில் அடிபடுவது எதிர்த்துப் பேச முடியாத கடைநிலை ஊழியர்தான்.

ஆனால் அந்தப் பதிவேட்டை நான் என் விசுவாச வாழ்க்கைக்குள்ளும் கொண்டுபோய்விட்டேன்.

வீட்டில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. வாசித்த அதிகாரங்கள், ஜெபித்த நிமிடங்கள், உபவாசம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), ஞாயிறு ஆராதனை. செய்ததற்கு நீல மையில் ஒரு டிக், விட்டதற்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. சிவப்பே இல்லாத மாதத்தில் தைரியமாக ஜெபிப்பேன், கேட்டதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். சிவப்பு கூடிவிட்டால் முழங்கால் போடவே கூச்சமாக இருக்கும். அதைப் பக்தி என்றே நம்பினேன். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவர்களையும் என் மனம் எண்ணிக்கொண்டே இருக்கும்.

லூக்கா 18-ல் இயேசு சொன்ன கதையில், வேத விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பரிசேயன் ஜெபத்தில் சொன்னது பொய் இல்லை. வாரத்தில் இரண்டு முறை உபவாசம் இருந்தான், சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம் கொடுத்தான். அவன் நோட்டு சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நீதிமானாக்கப்பட்டு, அதாவது தேவனால் ஏற்றுக்கொள்ளப்பட்டு வீட்டுக்குப் போனவன், தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், ஊரார் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன். இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்து, டிக் போட்டுவிட்டு, அடுத்த அதிகாரத்துக்குப் போயிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாதம் நான் பெரிய தவறு செய்தேன். ஒரு பிரிவின் சம்பளப் பட்டியலை அகரவரிசைப்படுத்தியபோது, ஓவர்டைம் பத்தியைச் சேர்த்துத் தேர்வு செய்யாமல் விட்டுவிட்டேன். பெயர்கள் இடம் மாறின, மணி நேரங்கள் அப்படியே நின்றுவிட்டன. 14 மணி நேரம் கூடுதலாக உழைத்தவருக்குச் சுழி. அந்த மாதம் ஓவர்டைமே பார்க்காத ஒருவருக்கு 14. சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டதும் நானேதான், உண்மையில் சரிபார்க்கவில்லை.

சம்பளம் போன அன்றே விஷயம் வெடித்தது. கூட்டத்தில் என் மேலதிகாரி எழுந்து, "என் பிரிவில் நடந்த தவறு, நான்தான் பொறுப்பு" என்றார். எனக்கு வர வேண்டிய மெமோ அவர் பெயரில் வந்தது. அன்று இரவு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினோம். ஒரு முறைகூட அவர் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தேன். விடுப்பே எடுக்கவில்லை. அவர் கேட்காத அறிக்கைகளையெல்லாம் தயாரித்துக் கொடுத்தேன். ஒரு சாயங்காலம் அவர் பையை மாட்டிக்கொண்டு என் மேஜை பக்கம் வந்து நின்றார். "இன்னுமா அந்தக் கடனை அடைச்சிட்டிருக்கீங்க? நான் அதைக் கடனா கொடுக்கலையே. கிளம்புங்க, வீட்டுக்குப் போங்க."

அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனால் எந்தப் பிரசங்கமும் என்னை அப்படி நிறுத்தியதில்லை.

அன்று இரவு, அப்போஸ்தலன் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 4-ம் அதிகாரத்தைத் திறந்தேன். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கிருபை என்றால் தகுதி பார்க்காமல் இலவசமாகக் கிடைக்கும் தயவு. சம்பளப் பிரிவில் இருப்பவனுக்கு இதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம். உழைத்தவருக்குச் சம்பளம் போடுவது தயவு இல்லை, கொடுத்தே ஆக வேண்டிய பாக்கி. அப்படியானால் என் நீள நோட்டு என்ன? தேவனுக்கு நான் மாதாமாதம் எழுதிய பில். கிருபையைப் பாடிக்கொண்டே அவரைக் கடனாளியாக்கப் பார்த்திருக்கிறேன்.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மானியர் மார்ட்டின் லூத்தர் 1505-ல் எர்ஃபர்ட் நகர மடத்தில் சேர்ந்து, ஒழுங்குகளையெல்லாம் கடைப்பிடித்தும், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும், சமாதானம் இல்லாமல் தவித்தார். ரோமர் 1:17-ல் வரும் தேவநீதி நம்மிடம் வசூலிக்கும் நீதி அல்ல, விசுவாசிக்கிறவனுக்குக் கொடுக்கப்படும் நீதி என்று புரிந்த பிறகே அவருக்கு விடுதலை. அவர் தவிப்பு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மத்தேயு 20-ல் இயேசு சொன்ன கதையில் வரும் திராட்சத்தோட்டத்து எஜமான் மட்டும் எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தார். பதினோராம் மணி வேளை என்றால் பொழுது சாய ஒரு மணி நேரம்தான் பாக்கி. அப்போது வந்தவனுக்கும் ஒரு பணம், அதாவது முழு நாள் கூலி, விடிந்ததிலிருந்து வெயிலில் நின்றவனுக்கும் ஒரு பணம். என் மேஜைக்கு இப்படி ஒரு பட்டியல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இத்தனை வருடம் நான் அந்தக் கதையைக் காலையில் வந்தவனாகவே வாசித்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. யாரும் வேலைக்கு அழைக்காமல், மாலைவரை சந்தைவெளியில் நின்றவன் நான்.

அதற்காகக் கீழ்ப்படிதல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிற்கலாமா என்று கேட்டு, கூடாது என்று பவுலே அடித்துச் சொல்கிறார். அந்த மேலதிகாரியிடம் அதன் பிறகும் நான் கவனமாகத்தான் வேலை செய்தேன், முன்பைவிடக் கவனமாக. ஆனால் பயத்தில் இல்லை.

நோட்டில் அந்த மாதத்துக்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. பழக்கம் மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. போன வாரம் இரண்டு நாள் வேதம் வாசிக்க முடியாமல் போயிற்று. மூன்றாம் நாள் காலையில், விட்டதையும் சேர்த்து முடித்துவிட வேண்டும் என்று விரல் பக்கங்களை எண்ணத் தொடங்கியது. நிறுத்திவிட்டு ஒரே ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்தேன்.