சுவரில் மாட்டியிருந்த 1851 கோல்ட் ரிவால்வரைச் சுட்டுப் பார்த்த அனுபவம்

இங்கிலாந்தில் 1850களின் ரிவால்வர் ஒன்றை உரிமம் எதுவும் இல்லாமல் வாங்கி, வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம். 1968ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின் 58ஆவது பிரிவு அதை அரும்பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ வைத்துக்கொள்ள விடுகிறது. ஆனால் அதே ரிவால்வரில் கரிமருந்து (பழைய காலத்து வெடிமருந்து) போட்டு ஒரே ஒரு முறை சுட வேண்டும் என்று நினைத்தாலும் சலுகை போய்விடும். அப்புறம் அது போலீஸ் சான்றிதழில் ஏற வேண்டிய துப்பாக்கி. அந்தக் கோட்டைத் தாண்ட எனக்குப் பத்து மாதம் ஆனது.

என்னிடம் இருப்பது கோல்ட் நேவி, 1851 மாடல், .36 காலிபர் (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்). அமெரிக்காவில் செய்தது அல்ல, லண்டனில் செய்தது. 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களைக் காட்சிக்கு வைத்தார். பிறகு தேம்ஸ் கரையில் பிம்லிகோவில் தொழிற்சாலை போட்டார். 1853 முதல் 1856 வரைதான் அது ஓடியது. கிரிமியப் போர் நேரத்தில் பிரிட்டிஷ் கடற்படையும் தரைப்படையும் இந்த ரிவால்வர்களை ஆயிரக்கணக்கில் வாங்கின. என்னுடையதன் குழல் மேல் லண்டன் முகவரிப் பொறிப்பு பாதி தேய்ந்திருக்கிறது. ஆறு குண்டு அறைகள் கொண்ட சுழலும் சிலிண்டரைச் சுற்றி டெக்சஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் 1843இல் மோதிய கடற்போர்க் காட்சி. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பாய்மரங்கள் மட்டும் தெரியும்.

எட்டு வருடம் அதைத் துடைத்து வைத்துக்கொண்டு, எண்களையும் முத்திரைகளையும் படித்துக்கொண்டு இருந்தேன். ஒரு சேகரிப்பாளர் சந்தையில் பெரியவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்டார். குண்டு குறிக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதுதான் கேள்வி. எட்டு வருடமாக வைத்திருப்பவன், எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் வந்த சட்டங்கள் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டன. துப்பாக்கியின் முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் நல்ல காரணம் காட்ட வேண்டும். உள்துறை அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் உறுப்பினராக இருந்து, அங்கே சுடுவதுதான் அந்தக் காரணம். குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருக்க வேண்டும். நான் ஐந்து மாதம் இருந்தேன். அந்த ஐந்து மாதமும் ஒருவர் பக்கத்தில் நின்றபடி, சங்கத்தின் துப்பாக்கியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கையில் இருப்பது என்ன என்று அது மறக்கவிடவில்லை.

விண்ணப்பத்துக்கு இரண்டு பேர் நற்சான்று தர வேண்டும், குடும்ப மருத்துவரின் மருத்துவத் தகவலும் வேண்டும். மருத்துவமனைக் காகிதம் ஒரு மேசையிலேயே ஏழு வாரம் கிடந்தது. நான் நேரில் போய்க் கேட்ட பிறகுதான் நகர்ந்தது. விண்ணப்பிப்பவர்கள் இந்தக் காகிதத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள். அப்புறம் போலீஸ் துறையிலிருந்து ஓர் அம்மையார் வீட்டுக்கு வந்தார். சுவரில் போல்ட் போட்ட இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்தார். சாவி எங்கே, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். என் மனைவியிடமும் பேசினார்.

கரிமருந்துக்குத் தனிச் சான்றிதழ். அதை வைக்க ஒரு மரப்பெட்டி வேண்டும். ஏன் மரம் என்று கேட்டேன். இரும்புப் பெட்டிக்குள் தீப்பிடித்தால் அழுத்தம் ஏறி, பெட்டியே குண்டாகிவிடும். மரமென்றால் பிளந்து விட்டுக்கொடுக்கும். தடித்த பிளைவுட்டில் அறைகள் பிரித்து, உள்ளே ஆணித்தலை தெரியாமல் பசை போட்டு நானே செய்தேன். ஊர்க் கோயிலில் அதிர்வேட்டுப் போடுகிறவர் மருந்தை எப்போதும் ஒரு மரக் குடுவையில்தான் வைத்திருப்பார். அது ஏன் என்று நாற்பது வருடம் கழித்துப் புரிந்தது.

ஒரு விஷயத்தில் வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன். துப்பாக்கியை, துப்பாக்கி பழுதுபார்க்கும் கொல்லரிடம் காட்டிவிட்டுத்தான் விண்ணப்பித்திருக்க வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு, இது சுடத் தகுதியில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அத்தனையும் வீண். நல்லவேளை, குழலில் புள்ளித் துரு இருந்தாலும் குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன. குதிரையை, அதாவது பின்னாலிருந்து அடிக்கும் சுத்தியலை, இழுத்தால் சிலிண்டர் சரியான இடத்தில் வந்து பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு அறையின் பின்னாலும் வெடிக்கும் கேப்பை மாட்டுகிற சிறு முனைகளான நிப்பிள்கள்தான் அடிபட்டு நசுங்கியிருந்தன. ஒரு வாரம் எண்ணெயில் ஊறவைத்து ஆறையும் கழற்றி, புதியவை போட்டார். பழையவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள்.

கெட்டிக்கும் முறையை நான் ரசித்துச் செய்வேன். முதலில் மருந்தில்லாமல் ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு கேப் வெடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெயை அது ஊதித் தள்ளிவிடும். கேப் என்பது சிறு செம்புத் தொப்பி, நம் பொட்டுவெடிபோல அடித்தால் வெடிப்பது. பிறகு குதிரையைப் பாதி இழுப்பில் நிறுத்தி, அறை அறையாக நிரப்ப வேண்டும். குடுவையிலிருந்து நேராகக் கொட்டக் கூடாது. உள்ளே கனல் இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். வீட்டிலேயே அளந்து சிறு குப்பிகளில் கொண்டுபோவேன். என் அளவு 15 கிரெயின், கிட்டத்தட்ட ஒரு கிராம். புகையில்லா நவீன மருந்து ஒரு துளிகூட இதில் போகக் கூடாது, துப்பாக்கி சிதறிவிடும்.

மருந்துக்கு மேல் ரவை. ஆமாம், உப்புமா ரவைதான். குறைந்த மருந்து போட்டால் குண்டு அறைக்குள் ஆழமாகப் போய்விடும். அந்த இடைவெளியை ரவை நிரப்பி, குண்டை அறையின் வாய்க்கு அருகே நிறுத்தும். ஐரோப்பாவில் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இது. அதன் மேல் ஈயக் குண்டு. நெம்புகோலால் அழுத்தும்போது குண்டின் விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வர வேண்டும். வளையம் வந்தால் அறை இறுக்கமாக அடைபட்டது என்று அர்த்தம். வராவிட்டால் பக்கத்து அறையின் தீ உள்ளே புகுந்து, இரண்டு மூன்று அறைகள் ஒன்றாக வெடிக்கலாம். கடைசியாகத் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு. பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், கரிமருந்தோடு சேர்ந்து தாராகிவிடும். சுடும் கோட்டில் நின்று, குழல் குறியைப் பார்த்திருக்கும்போதுதான் கேப் மாட்ட வேண்டும்.

முதல் குண்டு. பெரிய உதை ஏதுமில்லை, ஒரு தள்ளல் மட்டும். வெள்ளைப் புகையில் குறியே மறைந்துவிட்டது. விலகியதும் பார்த்தால், 25 மீட்டரில் ஒரு சாண் மேலே ஓட்டை. பெரியவரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நேவியில் பின்பக்கப் பார்வைக்குறி குதிரையின் மூக்கில் வெட்டிய பள்ளம்தான், அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. அதனால் கீழே பிடிக்கப் பழகினேன்.

நான்காவது குண்டுக்குச் சிலிண்டர் நின்றுவிட்டது. வெடித்த கேப்பின் துண்டு உடைந்து குதிரையின் இடுக்கில் விழுந்திருந்தது. கோல்ட்களுக்கே உள்ள குறை இது. குழல் குறியை நோக்கியபடியே கையை எடுக்காமல் நின்று, பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். அவர் துண்டை எடுத்துவிட்டு ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்தார். குழலை உயர்த்திப் பிடித்துக் குதிரையை இழுத்தால், துண்டு பின்னால் விழுந்துவிடும். அப்படி இழுப்பதற்கு எங்கள் சுடுதளத்தில் அனுமதி உண்டு, எல்லா இடத்திலும் இருக்காது. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கழுவியாக வேண்டும். குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழலும் சிலிண்டரும் தனித்தனியாக வந்துவிடும். சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவினால் தண்ணீர் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். 170 வருட இரும்பைத் தண்ணீரில் முக்க முதலில் கை வரவில்லை. ஆனால் தண்ணீரைவிட அந்தக் கசடுதான் எதிரி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவேற்றும். கழுவி, சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் பூசுவேன். மறுநாள் காலை இன்னொரு முறை பார்ப்பேன்.

போன மாதம் சங்கப் போட்டி. 30 நிமிடத்தில் 13 குண்டு, சிறந்த 10 மட்டும் கணக்கு. 74 வாங்கினேன். தவறிய மூன்றும் மேலேதான் போயிருந்தன.