ஃபார்மட் அடிக்காமல் விண்டோஸை மீட்டேன்: மூன்று நாள் அலைச்சல்

அம்பாசமுத்திரத்தில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. 2025 ஆடிக் கடைசி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஏழு பத்திரிகை கையில் இருந்தது. விண்டோஸ் 10 அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. மறுநாள் டெஸ்க்டாப் வந்தது, ஆனால் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, பிரிண்டர் ஓடவில்லை.

விண்டோஸ் தன் ஃபைல்களைத் தானே சோதித்துத் திருத்தும் எஸ்எஃப்சி ஸ்கேனை ஓட்டினேன். கெட்டுப்போன ஃபைல்கள் இருக்கின்றன, சிலதைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. அடுத்து, அந்தத் திருத்தத்துக்கு வேண்டிய நல்ல பிரதியைச் சரிசெய்யும் டிஸ்ம் ரெஸ்டோர் ஹெல்த் கட்டளை. பாதியில் நின்று, சோர்ஸ் ஃபைல்கள் கிடைக்கவில்லை என்றது. எதைப் பார்த்துத் திருத்த வேண்டுமோ, அந்த நல்ல பிரதியே மெஷினில் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

சிபியூவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டி திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனேன். சர்வீஸ் கடைத் தம்பி ஆன் பண்ணிப் பார்த்ததே இரண்டு நிமிஷம். "அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாவும்" என்றார்.

"தம்பி, பேஜ்மேக்கர் சிடி இப்ப எங்கிட்ட இல்ல. ஃபார்மட் அடிச்சா என் கடையையே மூட வேண்டியதுதான்" என்றேன்.

பக்கம் வடிவமைக்க நான் வைத்திருக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அடோபி அதைக் கைவிட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. பழைய வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் எல்லாம் அதில்தான், பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றி எடுக்க எனக்கு ஒரு வருஷம் வேண்டும். இதைச் சொன்னபிறகும் அவர் மனம் இறங்கவில்லை. கடைசியில் ஒரு பென் டிரைவைக் கையில் தந்து, "இதுல விண்டோஸ் இருக்கு, வீட்ல வச்சு ரிப்பேர் போட்டுப் பாருங்க" என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செட்டப்பை ஓட்டினால், தேவையான ஃபைல் இல்லை என்று நின்றுவிட்டது. மூன்று தடவை முயன்றேன். மறுநாள் மறுபடி ஜங்ஷன். "அப்ப ஹார்ட் டிஸ்க் கம்ப்ளைண்ட்தான், எஸ்எஸ்டி போட்டுருவோம்" என்றார். டிஸ்க்கைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பகல் வருமானமும் போய், ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் இப்படிப் பேசுகிறாரே என்ற வருத்தத்தோடு திரும்பினேன்.

அன்று ராத்திரி பாளையங்கோட்டையில் படிக்கிற அக்கா மகன் போனில் சொன்னான்: "மாமா, மொதல்ல அந்த பென் டிரைவைத் தொறந்து அளவைப் பாருங்க." பார்த்தேன். 8 ஜிபி பென் டிரைவில் ஏறக்குறைய ஒரு ஜிபிதான் நிரம்பியிருந்தது. சோர்சஸ் ஃபோல்டருக்குள், செட்டப்பைத் தொடங்கிவைக்கும் பூட்.விம் இருக்கிறது, இன்ஸ்டால்.விம் இல்லவே இல்லை. விண்டோஸ் மொத்தமும் சுருட்டி வைத்திருப்பது அந்த ஒரே ஃபைலில்தான். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. காப்பி பண்ணும்போது வந்த எச்சரிக்கைக்கு அந்தத் தம்பி 'ஸ்கிப்' கொடுத்திருக்கிறார். என் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை!

யாராவது உங்களுக்கு விண்டோஸ் பென் டிரைவ் தந்தால், கடையை விட்டு இறங்கும் முன் சோர்சஸ் ஃபோல்டரைத் திறந்து இன்ஸ்டால்.விம் அல்லது இன்ஸ்டால்.இஎஸ்டி, இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பென் டிரைவ் தயாரிக்க மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் அதை இஎஸ்டியாகச் சுருக்கித் தருவதால் ஃபேட்32-இலும் அடங்கிவிடும்.

அந்த டூல் என் மெஷினில் ஓடவில்லை. செல்போனிலிருந்து மைக்ரோசாஃப்ட் பக்கத்துக்குப் போனால் முழு விண்டோஸ் செட்டப்பும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலையே நேரடியாகத் தருகிறது. அன்றைய டேட்டா தீர்ந்து, மீதி மறுநாள் காலையில்தான் இறங்கியது. கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றி, டபுள் கிளிக் பண்ணி, செட்டப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டினேன். இதை மறக்காதீர்கள். பென் டிரைவிலிருந்து பூட் பண்ணிப் போனால் புரோகிராம்களை வைத்துக்கொள்ளும் வழி கிடைக்காது.

அப்போதும் 'ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்ற வரி மங்கலாக, கிளிக் ஆகாமல் கிடந்தது. 'ஃபைல்கள் மட்டும்' என்பதுதான் தெரிந்தது. அசதியில் நெக்ஸ்ட் கொடுக்கப் போய், கடைசி நொடியில் கையை எடுத்துவிட்டேன். கொடுத்திருந்தால் பேஜ்மேக்கர் போயிருக்கும்.

காரணம் மொழி. நான் இறக்கியது வெறும் 'இங்கிலீஷ்', அதாவது அமெரிக்க ஆங்கிலம். என் மெஷினில் முதலில் போட்டிருந்தது 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்'. கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்ம் ஆன்லைன் கெட்-இன்டில் (dism /online /get-intl) என்று கொடுத்தால் சிஸ்டம் மொழி தெரிந்துவிடும். அந்த மொழியும் ஐஎஸ்ஓவின் மொழியும் பொருந்தாவிட்டால் ஆப்களை வைத்துக்கொள்ள விடாது. ஹோம், புரோ என்ற எடிஷனும் அப்படியே பொருந்த வேண்டும். இதை முதலிலேயே பார்த்திருந்தால் 5 ஜிபிக்கு மேல் டேட்டா மிச்சம்.

சரியான ஐஎஸ்ஓவை இறக்கியபிறகு எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு முன் பத்திரிகை ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்தேன், ஆன்டிவைரஸை நீக்கினேன், பக்கத்துக் கடையிலிருந்து யுபிஎஸ் இரவல் வாங்கினேன். கரண்ட் விஷயத்தில் இனி நான் யாரையும் நம்புவதாக இல்லை. பழைய விண்டோஸ் பத்து நாள் வரை ஒரு ஃபோல்டரில் இருக்கும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரியும்வரை அதை அழிக்காதீர்கள்.

சாயங்காலம் பேஜ்மேக்கரைத் திறந்தேன். பிள்ளையார் சுழியும் 'நிகழும் மங்களகரமான' வரியும் எழுத்து மாறாமல் அப்படியே நின்றன. முதல் தாள் பிரிண்டரிலிருந்து வந்ததும் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு காலையில வந்து புரூஃப் பாத்துருங்க அண்ணாச்சி."